மூன்றாவது ஓலைக்கு முன்

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, கார்த்திகைத் தூறலில் நனைந்தபடி, மரியசெல்வத்தின் மொபெட் ஆன்டோ வீட்டு வாசலில் வந்து நின்றது. காலடியில் ப்ரைமர் டின்னும் தின்னர் கேனும் இருந்தன. பின் சீட்டில் ரோலரையும் இரண்டு பக்கெட்டையும் கட்டிப்பிடித்துக்கொண்டு மன்சூர் அலி உட்கார்ந்திருந்தான். பதினைந்து வருடமாக இருவரும் சேர்ந்துதான் பெயிண்ட் வேலை பார்க்கிறார்கள். காரைக்காலில் இவர்கள் ஏணி போடாத தெரு குறைவு.

"மாப்புள வீட்டுக்கு வர்றோம், தோசையாச் சுட்டுப் போடுவாங்கன்னு வெறும் வயித்தோட வந்தேன்" என்றான் மன்சூர். "கேட்டே தொறக்கல."

"வாய மூடிட்டு எறங்கு."

மாப்பிள்ளை என்று மன்சூர் சொன்னது ஆன்டோவைத்தான். மரியசெல்வத்தின் தங்கை கிறிஸ்டியை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று பூசை முடிவில் வாசிக்கிற அந்த அறிவிப்புத்தான் ஓலை. வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. புதன்கிழமை கல்யாணம். அதைத் தாண்டினால் திருவருகைக் காலம் தொடங்கிவிடும், அப்புறம் கிறிஸ்துமஸ் முடிகிற வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது.

கிறிஸ்டிக்கு முப்பத்து நான்கு வயது. மூன்று வருடம் முன்பு வேறொரு மாப்பிள்ளைக்கு இதே மாதிரி இரண்டு ஓலை வாசித்து, மூன்றாவதுக்கு முந்தின நாள் அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சொந்த ஊரான கோட்டுச்சேரியில் அன்றிலிருந்து அவளுக்கு 'ஓலை நின்ன பொண்ணு' என்று பெயர். அவள் டீச்சர் வேலைக்குப் போகிற பஸ்ஸிலேயே அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்தது. இன்னொரு தடவை நின்றால் அம்மா தாங்கமாட்டாள் என்று மரியசெல்வம் நினைத்தான். உண்மையில் தாங்கமாட்டாதவன் அவன்தான்.

ஆன்டோ உள்ளேயிருந்து வந்து கேட்டைத் திறந்தான். வெளுத்த, அமைதியான முகம். ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த அவன் பெரியப்பா கட்டிய வீடு அது. முன்கட்டில் அவன் மட்டும் இருந்தான். பின்கட்டு அறைதான் வேலை. அதில்தான் இரண்டு வருடம் முன்பு அவன் முதல் மனைவி பெர்னதெத் எரிந்து செத்தாள்.

ஊருக்கே தெரிந்த கதைதான். ஏதோ கோபத்தில் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டாளாம். மாதா படத்துக்கு ஏற்றிய மெழுகுவத்தி திரைச்சீலையில் பிடித்துக்கொண்டதாம். ஆபீசிலிருந்து ஓடி வந்து ஆன்டோ கதவை முட்டித் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்ததாம். அடக்கத்தின்போது அவன் தேம்பியதை மரியசெல்வமே கண்ணால் பார்த்திருக்கிறான்.

அறையின் வெளித்தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. ஆன்டோ சுத்தியால் தட்டி அதை இழுத்துவிட்டான்.

"அன்னிக்குப் பூட்டுனது மச்சான். அதோட தொறக்கல" என்றான். "கழுவுறதெல்லாம் வேணாம். மேலாப்புல ரெண்டு கோட்டு அடிச்சு விட்ருங்க. நாள் இல்ல."

"கரி மேல அடிச்சா நிக்காது மாப்புள. கழுவித்தான் அடிக்கணும். என் தங்கச்சி இருக்கப்போற ரூமு."

ஆன்டோ ஒரு நொடி அவனையே பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டான்.

கதவைத் தள்ளியதும் முதலில் முகத்தில் அடித்தது வாடைதான். பழைய புகை வாடை மழைக்காலத்தில் கிளம்பும், அது புதிதில்லை. ஆனால் இதில் இன்னொன்று கலந்திருந்தது. மயிர் பொசுங்கிய வாடை.

இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த அறையில், இப்போதுதான் பொசுங்கியது போல.

ஒரே ஒரு ஜன்னல், அதற்கும் கம்பி. பகல் வெளிச்சம் உள்ளே வந்து கரிச் சுவரில் பட்டு அப்படியே காணாமல் போனது. மன்சூர் பல்பு மாட்டினான். மேல்கூரையிலிருந்து தரை வரை கன்னங்கரேல். மாதா படம் இருந்த இடத்தில் மட்டும் சதுரமாகப் பழைய நீலம் தெரிந்தது. புகை படியும்போது எதெது எங்கிருந்ததோ அதன் அடி மட்டும் சுத்தமாக இருக்கும். தீப்பிடித்த வீடுகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது பாடம்.

உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, சோடா கரைத்த வெந்நீரால் கழுவினார்கள். மதியத்துக்குள் மூன்று சுவர் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. நான்காவது கதவை ஒட்டிய சுவர். மன்சூர் ஸ்டூலைப் போட்டு அதைக் கழுவ ஆரம்பித்தான்.

"செல்வம். இங்க வந்து பாரேன்."

நெஞ்சு உயரத்தில் இரண்டு கைகள்.

உள்ளங்கை, ஐந்து ஐந்து விரல், எல்லாம் விரிந்து சுவரில் அழுத்தின மாதிரி. சுற்றியிருந்த கரி கழுவினதும் போய்விட்டது. இது போகவில்லை. அந்த இடத்தில் கரி பசையாக ஒட்டியிருந்தது. விரல் நுனிகளிலிருந்து கீழ்நோக்கி, காரை பெயர்ந்து, நகக்கோடுகள் ஓடின.

"சின்னக் கை" என்று மன்சூர் மெதுவாகச் சொன்னான். "பொம்பளக் கை."

"தேய். போயிடும்."

மன்சூர் பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு தேய்த்தான். கை போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

அவன் தலை பின்னால் வெடுக்கென்று போனது.

யாரோ இழுத்த மாதிரி. கழுத்து வளைந்து, வாய் பிளந்து, கண் மேலே செருகி ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு அவன் முகம் சுவரில் போய் மோதியது.

ஒரு தடவை.

இரண்டாவது தடவை எலும்பு உடையும் சத்தம் கேட்டது. மரியசெல்வம் ஓடிப்போய் அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்தான். பிடித்த பிடியில் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மன்சூரின் முகம் மூன்றாவது தடவை மோதியது. இருவரும் ஸ்டூலோடு தரையில் விழுந்தார்கள். மன்சூரின் மூக்கு ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. நெற்றி பிளந்து ரத்தம் சோடாத் தண்ணீரில் ஓடியது.

ஆஸ்பத்திரியில் நெற்றிக்கு ஒன்பது தையல் போட்டார்கள். ஸ்டூல் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டார்கள், வேறு என்ன சொல்வது? நர்ஸ் நகர்ந்ததும் மன்சூர் மரியசெல்வத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"எவனோ முடியக் கொத்தாப் புடிச்சு இழுத்து மோதுனான்டா. வேர் வேராப் பிடுங்குற மாதிரி வலி."

மரியசெல்வம் நர்ஸ் போன பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"என் தலையப் பாரு" என்றான் மன்சூர். "எனக்கு ஏதுடா முடி?"

இருபத்தைந்து வயதிலேயே வழுக்கை விழுந்த தலை அது. அதைச் சொல்லித்தான் மரியசெல்வம் அவனைப் பாதி நாள் கிண்டல் செய்வான். அன்று இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"அந்த ரூமுக்குப் போகாத" என்றான் மன்சூர். "அல்லா மேல ஆணையாச் சொல்றேன். தங்கச்சியையும் அனுப்பாத."

புதன்கிழமை மரியசெல்வம் தனியாகப் போனான். ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, வாசலிலேயே மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிவிட்டு உள்ளே போனான். பயமில்லாமல் இல்லை. ஆனால் கிறிஸ்டியின் கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் தைத்து வந்துவிட்டது, பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. வழுக்கித்தான் விழுந்திருப்பான், பயத்தில் ஏதோ உளறுகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வேலை பார்த்தான். அந்தக் கைகளின் மேல் எண்ணெய் ப்ரைமரை இரண்டு கோட்டு கெட்டியாக ஏற்றினான். எந்தக் கறையும் அதைத் தாண்டி வராது. சாயங்காலம் பூட்டிவிட்டுப் போகும்போது நான்கு சுவரும் வெள்ளையாக இருந்தன.

வியாழக்கிழமை காலை கைகள் வெளியே வந்திருந்தன.

நெஞ்சு உயரத்தில் இல்லை. ஒரு முழம் கீழே.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நிற்க முடியாமல் ஒருத்தி சுவரைப் பிடித்தபடியே சரிந்து இறங்கினால் கை எங்கே வருமோ, அங்கே இருந்தன. வெள்ளையின் மேல் புதுக் கரி. தொட்டுப் பார்த்தான். சுவர் சுட்டது.

அவன் கையை உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். சுவரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கதவை முடிப்போம் என்று நினைத்தான். அதற்கு ஒரு காரணமும் இல்லை, அந்த அறைக்குள் நிற்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கதவு வேலை என்றால் மரியசெல்வத்துக்கு ஒரு பழக்கம். மற்றவர்கள் மாதிரி தாழ்ப்பாள் மேலேயே பிரஷ்ஷை இழுக்கமாட்டான். கொண்டி, கைப்பிடி எல்லாவற்றையும் திருகு கழற்றி, செய்தித்தாளில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் மரத்தைத் தொடுவான். கதவுக்கு வெளியே நடையில் பல்பைத் தொங்கவிட்டு, வெளித்தாழ்ப்பாளின் நான்கு திருகையும், நிலையில் இருந்த வளையத்தையும் கழற்றினான்.

இடுக்கு வழியாக வந்த புகை கதவின் வெளிப்பக்கத்தையும் நிலையையும் கருப்பாக்கியிருந்தது. அந்தக் கருப்பின் நடுவே, கதவில் தொடங்கி, இடுக்கைத் தாண்டி, நிலை வரைக்கும், விரல் தடிமனில் ஒரு கோடு. கரி படாத தேக்கு. பொன் நிறத்தில் பளிச்சென்று இருந்தது.

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புகை வந்த நேரத்தில் தாழ்ப்பாள் கம்பி அங்கே இருந்திருக்கிறது. கதவு வெளியே தாழ் போட்டிருந்திருக்கிறது.

உள்தாழ்ப்பாளைப் போய்ப் பார்த்தான். அதன் கம்பி நுழைகிற துளைக்குள் விரலை விட்டான். விரல் முழுக்கக் கரியோடு வந்தது. எரிந்தபோது அந்தத் துளையில் கம்பி இல்லை. பெர்னதெத் உள்ளே தாழ் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆன்டோ அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். அவள் கதவைத் தட்டித் தட்டி, சுவரைப் பிறாண்டி, சரிந்து செத்திருக்கிறாள்.

மரியசெல்வம் நடையில் உட்கார்ந்துவிட்டான். இப்போதே கிளம்பிப் பங்குச் சாமியாரிடம் போக வேண்டும். தடை அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இரண்டு ஞாயிறு காதால் கேட்டதுதான்.

போனால் என்ன ஆகும்? மூன்றாவது ஓலை நிற்கும். மறுபடியும் நிற்கும். பஸ்ஸில் பேசுவார்கள். கிறிஸ்டிக்கு இனிமேல் யார் வருவான்? ஒருவேளை வேறு யாராவது பூட்டியிருக்கலாம். ஒருவேளை ஆன்டோ தெரியாமல் பூட்டியிருக்கலாம். இரண்டு வருடம் ஆகிவிட்டது. செத்தவள் திரும்பி வரப்போகிறாளா?

அவன் ப்ரைமரில் பிரஷ்ஷை நனைத்தான்.

அந்தப் பொன் கோட்டின் மேல் ஒரே ஒரு இழுப்பு இழுத்தான். கோடு போய்விட்டது.

உள்ளே மறந்து வைத்த துணியை எடுக்க அறைக்குள் ஒரு அடி வைத்தான். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

டக்.

தாழ்ப்பாள் கம்பி நுழைகிற சத்தம். தாழ்ப்பாள் கதவில் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அவன்தான் கழற்றினான்.

பல்பு அணைந்தது. ஜன்னல் இருந்த இடத்தில் வெளிச்சம் இல்லை, புகைதான் இருந்தது. அவன் கதவைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. உள்ளங்கால் சுட்டது. சட்டை சுட்டது. மூச்சை இழுத்தால் உள்ளே தணல் போனது.

"அம்மா…"

கத்தினது அவன்தான். ஆனால் வந்தது ஒரு பெண்ணின் குரல்.

முடியைக் கொத்தாகப் பிடித்தது ஒரு கை. அவன் நெற்றியைச் சுவரில் மோதியது. பல் உடைந்து நாக்கில் குத்தியது. மறுபடி மோதியது. காதோரம் ஒரு மூச்சு, ஒரு ஆணின் குரல், அவனுக்கு நன்றாகத் தெரிந்த குரல், பொறுமையாகச் சொன்னது: "கத்து. நல்லாக் கத்து. அடங்குற வரைக்கும் உள்ளயே கெட."

அவன் இரண்டு கையும் தானாகவே சுவரில் போய் விரிந்தன. அந்தக் கைகளின் மேலேயே. தோல் உரிவது தெரிந்தது. அவள் பட்டது அத்தனையும் அவன் உடம்பில் ஒவ்வொன்றாக நடந்தது. முழங்கால் மடங்கியது. நகம் காரையைக் கீறிக்கொண்டே கீழே இறங்கியது.

"சொல்லிடுறேன்" என்று முனகினான். "சாமியார்ட்ட சொல்லிடுறேன்மா. என்ன விட்டுடு. சொல்லிடுறேன்."

கதவு திறந்தது.

பகல் வெளிச்சம். தூறல் சத்தம். அறையில் புகையும் இல்லை, தீயும் இல்லை. வாசலில் ஆன்டோ சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தான்.

"என்ன மச்சான், விழுந்துட்டீங்களா? வாயெல்லாம் ரத்தம்."

மரியசெல்வம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஆன்டோவின் கண் அவனை விட்டுவிட்டு, செய்தித்தாளில் கிடந்த தாழ்ப்பாளுக்குப் போனது. பிறகு நிலைக்கு. ஈரமாக மின்னிய அந்த ஒரு இழுப்பு வெள்ளைக்கு.

அவன் முகம் இளகியது.

"அடிச்சிட்டீங்களா? நல்லதாப் போச்சு மச்சான். நானே அடிச்சிருக்கணும். எனக்கு இந்தக் கை வேலையெல்லாம் வராது."

"நீ வெளிய பூட்டிட்டுப் போன."

"கத்திக்கிட்டே இருப்பா மச்சான். ரெண்டு தட்டுத் தட்டி ஒரு மணி நேரம் உள்ள போட்டா அடங்கிடுவா. எப்பவும் அடங்குவா. அன்னிக்கு மெழுகுவத்தியத் தட்டி விட்டுட்டா. அது என் தப்பா, சொல்லுங்க." அவன் குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. "கிறிஸ்டி அப்புடி இல்ல. அடக்கமான பொண்ணு. அந்த அளவுக்கெல்லாம் போகாது."

அந்த அளவுக்கெல்லாம் போகாது. அதைக் கேட்டதும் மரியசெல்வத்துக்கு ரத்தம் கொதித்தது. இவனுக்கா என் தங்கச்சியைத் தூக்கிக் கொடுக்க இருந்தேன் என்று தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஞாயித்துக்கெழம ஓலை வாசிக்க மாட்டாங்க. சாமியார்ட்டயும் போலீஸ்லயும் சொல்லப் போறேன்."

"என்னன்னு?" ஆன்டோ நிலையைக் காட்டினான். "அது மேல பெயிண்ட் அடிச்சது யாருன்னும் சேத்துச் சொல்லுவீங்களா?"

மரியசெல்வம் அவனைத் தள்ளிக்கொண்டு வெளியே போகப் பார்த்தான். ஆன்டோ குனிந்து, தரையில் கிடந்த பட்டி பூசுகிற இரும்புத் தகட்டை எடுத்ததை அவன் கவனிக்கவில்லை. தகடு முழங்கைக்குக் கீழே சதையைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டாவது வீச்சு தோளில் இறங்கியது. அந்த வெளுத்த அமைதியான மனிதனுக்கு அவ்வளவு பலம் இருந்தது. முடியைப் பிடித்து அவனை அறைக்குள் இழுத்து, கதவை ஒட்டிய சுவரில் மோதினான். பழகின கை அது, எங்கே பிடித்து எப்படி மோதுவது என்று அதற்குத் தெரிந்திருந்தது. மரியசெல்வம் தரையில் சுருண்டான். ஆன்டோ தின்னர் கேனை உதைத்துக் கவிழ்த்தான். தரை முழுக்க அந்தக் காரமான வாடை பரவியது.

"தின்னர வெச்சிக்கிட்டுப் பீடி புடிச்சாங்கன்னு சொன்னா யாரு நம்ப மாட்டா?" என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே லைட்டரை எடுத்தான். "போன தடவ நான் கொளுத்தல மச்சான். சத்தியமாக் கொளுத்தல."

கொளுத்திப் போட்டுவிட்டு வெளியே ஓட அவன் திரும்பினான்.

ஓடவில்லை.

அவன் தலை பின்னால் வெடுக்கென்று போனது.

மரியசெல்வம் தரையிலிருந்து பார்த்தான். ஆன்டோவின் முடி கொத்தாக மேலே நின்றது. பிடித்திருந்த கை தெரியவில்லை. அவன் முகம் சுவரில் மோதியது. மோதிய இடத்தில் ரத்தம் தெறித்தது. மறுபடி. மறுபடி. லைட்டர் கையிலிருந்து நழுவித் தின்னரில் விழுந்தது.

தீ 'புஸ்' என்று தரையோடு ஓடியது.

மரியசெல்வத்தின் முதுகில் இரண்டு சின்னக் கைகள் பட்டன. சட்டை வழியாகச் சுட்டன. அவை அவனை ஒரே தள்ளாகத் தள்ளின. அவன் வாசலைத் தாண்டி நடையில் போய் விழுந்தான். கதவு சாத்திக்கொண்டது.

"மச்சான்! தொறங்க! மச்சான்!"

உள்ளேயிருந்து கதவு அதிர்ந்தது. தாழ்ப்பாள் இல்லாத வெறும் கதவு. அது திறக்கவில்லை.

பக்கத்தில் சரசரவென்று சத்தம் கேட்டது. மரியசெல்வம் திரும்பினான். செய்தித்தாளின் மேல் அவன் கழற்றி வைத்த தாழ்ப்பாள் கிடந்தது. அதன் கம்பி, தானாக, மெதுவாக, முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது. கடைசி வரை போய் நின்றது.

டக்.

அவன் பாய்ந்து அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்தான். அதை மட்டும் பின்னாளில் யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தான், உண்மையாகவே இழுத்தான். கம்பி பழுக்கக் காய்ந்திருந்தது. உள்ளங்கைத் தோல் அதோடு ஒட்டியது. அப்போது அவன் கையின் மேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது. சின்னக் கை. அது இழுக்கவிடவில்லை.

உள்ளே மச்சான் மச்சான் என்று கேட்டது பிறகு வெறும் அலறலாகி, நகம் கீறும் சத்தமாகி, கீழே கீழே இறங்கி, நின்றது.

தீயணைப்பு வண்டி வந்தபோது ஒரு வீரர் கதவில் கை வைத்துத் தள்ளினார். அது சும்மா திறந்துகொண்டது. ஆன்டோ கதவை ஒட்டிய சுவருக்குக் கீழே மண்டியிட்டபடி கருகியிருந்தான். மேலே சுவரில் இரண்டு பெரிய கைகளின் தடம். அந்த ஒவ்வொரு கையின் மேலும், விரலுக்கு விரல் கோத்து அழுத்தியபடி, ஒரு சின்னக் கையின் தடம்.

போலீசிடம் மரியசெல்வம் தாழ்ப்பாளுக்கு அடியில் இருந்த கோட்டைச் சொன்னான், ஆன்டோ சொன்னதைச் சொன்னான், தகட்டால் வெட்டியதைச் சொன்னான். ஓடிக்கொண்டிருந்த ரத்தம் அவனுக்குச் சாட்சியாக இருந்தது. நிலை கருகிப் போயிருந்தது. அந்த வெள்ளை இழுப்பும் அதோடு போயிருந்தது. அந்த இழுப்பைப் பற்றி அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. ஊர் பேசியது, ஆனால் இந்தத் தடவை கிறிஸ்டி தப்பிய கதையைத்தான் பேசியது. அவள் அழவில்லை. அண்ணனின் கைக்கட்டைப் பிரித்து மருந்து போடும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தக் கோட்டப் பாத்த ஒடனே நீ அங்கேருந்து கெளம்பிட்டியா அண்ணா?"

"கெளம்பிட்டேம்மா. அதுக்குள்ள அவன் வந்துட்டான்."

அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். பிறகு கட்டைக் கட்டி முடித்தாள்.

பொங்கல் கழித்து ஒரு நாள் காலை, கிறிஸ்டி அறைக் கதவின் நிலையில் மரியசெல்வம் அதைப் பார்த்தான். கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே, பிரஷ் அகலத்தில், ஒரே ஒரு இழுப்பு வெள்ளை. ப்ரைமர். ஈரமாக இருந்தது. அந்தக் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அவள் பார்ப்பதற்குள் தின்னரால் துடைத்தான். மறுநாள் இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தான். மறுநாளும் இருந்தது. அன்றிலிருந்து தினமும் அவள் எழுந்திருப்பதற்கு முன்பே எழுந்து அவன் அதைத் துடைத்துவந்தான். மன்சூரிடம்கூடச் சொல்லவில்லை. மன்சூர் இப்போதெல்லாம் வெளிச்சுவர் வேலைக்கு மட்டும்தான் வருகிறான்.

மாசி மாதம் ஒரு காய்ச்சலில் அவன் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. வெயில் வந்துவிட்டது. வீடு முழுக்க மயிர் பொசுங்கிய வாடை.

அவன் தட்டுத் தடுமாறி ஓடி வந்தபோது, கிறிஸ்டி நிலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். விரலால் அந்த வெள்ளையை ஒரு பக்கமாக வழித்திருந்தாள். அடியில் பொன் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. பக்கத்துச் சுவரில், நெஞ்சு உயரத்தில், கரி படிந்த ஒரு சின்னக் கை.

அவள் விரலை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"இன்னும் காயல" என்றாள்.